காலடி மண்ணில் ஒரு காடு
(பழைய மாணவர் சங்கத்தின் ஏற்காடு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பத்து நிமிஷம்தான், போர் அடிக்காம பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தோம். அடிவாரத்தில் உசிலும் வேலமும் நிற்கும் முட்காடு. கொஞ்சம் மேலே வெக்காலி, மூங்கில், இடையிடையே சந்தனம் என்று இலையுதிர் காடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்களும், அங்கங்கே மிச்சமிருக்கும் சோலைகளும். மரங்கள் இப்படி மாறும்போது மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சைகளும் மாறுகின்றனவா? அதுதான் இன்றைய பேச்சு.

தாவரவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மண்ணை நீரில் கரைத்து, பெட்ரி தட்டில் ஊற்றி, நாலு நாள் கழித்துப் பார்த்தால் கறுப்பாக ஆஸ்பர்ஜில்லஸ் வந்து நிற்கும். "எல்லா மண்ணும் ஒண்ணுதான் சார்" என்று நான் ரெக்கார்டு நோட்டில் எழுதாத குறைதான். குறை மண்ணில் இல்லை, முறையில் இருந்தது. வித்துகளை ஏராளமாக உதிர்க்கும் பூஞ்சைதான் தட்டில் முந்திக்கொள்ளும். மரவேரோடு ஒட்டி வாழ்பவை அதில் வராது. இப்போது மண்ணிலிருந்து நேரே டி.என்.ஏ. எடுத்துப் பார்க்கிறார்கள். 2014-ல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகெங்கும் 365 இடங்களின் மண்ணை இப்படிச் சோதித்தது. பூஞ்சை வகைகளின் எண்ணிக்கையை முக்கியமாக நிர்ணயிப்பவற்றுள் மழையளவும் ஒன்று என்று அது கண்டது.

பொதுவாக, சூடான வறண்ட மண்ணில் ஆஸ்பர்ஜில்லஸ் கை ஓங்கும். குளிர்ந்த ஈர மண்ணில் பெனிசிலியமும் டிரைக்கோடெர்மாவும் பெருகும். முட்காட்டில் சருகை மட்க வைக்கும் பூஞ்சைகள் மழைக்காகக் காத்திருக்கும். சோலையில் சருகு நனைந்தே கிடப்பதால் அவற்றுக்கு ஓய்வு குறைவு.

மரத்துக்கு உயிர்நாடி வேர்ப்பூஞ்சை. 'மைக்கோரைசா' என்று 1885-ல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஃபிராங்க். நம் காட்டு மரங்களில் பெரும்பாலானவற்றுக்கும் காப்பிச் செடிக்கும் வேருக்குள் நுழையும் வகை துணை. பைன் மரத்துக்கோ வேரின்மேல் உறைபோல் படரும் வகை வேண்டும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக், கொத்துக் கொத்தான சிறு வேர்களை விட்டுத் தானே பாஸ்பரஸைத் தேடிக்கொள்ளும். ஆக, மரத்தை மாற்றினால் மண்ணின் குடித்தனமும் மாறும்.

பொருத்தமான பூஞ்சை இல்லாவிட்டால் என்ன ஆகும்? போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் கன்றுகள் பலமுறை நட்டும் தேறவில்லை. 1950-களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் பிழைத்தன.

இந்தச் சேர்வராயன் மலை பாக்சைட் மலை. இத்தகைய செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேர் எட்டாத இடத்துக்குப் பூஞ்சை இழைதான் போய் அதை வாங்கி வர வேண்டும். மேல் மண்ணை வழித்தெடுத்தால் அந்த இழைகளும் போய்விடும்.

மாணவனாக இருந்தபோது, அப்படி மண் வழித்த ஒரு சரிவில் நாங்கள் கன்று நட்டோம். பாட்டும் கைதட்டலுமாக நட்டோம். மறு வருஷம் போனால் பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்தன. தண்ணீர் ஊற்ற ஆளில்லாதது ஒரு காரணம்தான். ஆனால் குழியில் ஒரு பிடி காட்டு மண் போட வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பசித்தாலும் விதைநெல்லைக் குத்திச் சாப்பிட மாட்டார் நம் விவசாயி. மிச்சமிருக்கும் ஒவ்வொரு காட்டுத் துண்டின் மண்ணும் நமக்கு விதைநெல். முட்காட்டுக்கு முட்காட்டு மண், சோலைக்குச் சோலை மண். அதற்காக மூட்டை மூட்டையாக அள்ளி வரவேண்டாம். அனுமதி பெற்று எடுத்த ஒரு பிடியை நாற்றங்காலில் சோள வேரோடு சேர்த்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வனத்துறை அனுமதியோடு அடிவாரம், நடுமலை, காப்பித் தோட்டம், சோலை என நாலு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பருவம் தவறாமல் மண்ணைப் பாருங்கள், வேரையும் பாருங்கள். அடுத்த சந்திப்பில் இந்த மேடையில் நீங்கள் பேசுங்கள். நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்கிறோம்.