மலிவு ஆபரேஷனும் மறைந்திருக்கும் செலவும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஒரு தோழர் ஆற்றிய உரை)

இன்று நான் பேசப்போகும் விஷயம் உங்களில் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். கூலி, பஞ்சப்படி, போனஸ், குத்தகை என்று பேசுகிற மேடையில், அழகுக்காக அந்நிய நாடு சென்று ஆபரேஷன் செய்துகொள்வதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். அது சீமான்கள் வீட்டுச் சமாசாரம், சினிமாக்காரர் சமாசாரம் என்று சொல்லலாம்.

அப்படியல்ல. சீமான்கள் தங்கள் ஊரிலேயே பெரிய டாக்டரை அமர்த்திக்கொள்கிறார்கள். உள்ளூர் விலையைக் கொடுக்க முடியாதவர்கள்தான் மலிவான இடம் தேடி விமானம் ஏறுகிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடைகளிலும் ஆபீசுகளிலும் சம்பளத்துக்கு உழைக்கும் பெண்கள், சீட்டுப் பிடிப்பதுபோல் மாதாமாதம் மிச்சம் பிடித்து, கடனும் வாங்கி, இதற்காகப் போகிறார்கள். விளம்பரம் செல்போனில் வருகிறது. அந்தச் செல்போன் நம் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் ஊர் வாலிபர்கள் கையிலும் இருக்கிறது. ஆகவே இதைத் தெரிந்துகொள்வது நமக்கும் அவசியம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆபரேஷனைச் செய்துகொள்கிறவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. இந்த வைத்தியம் பிறந்ததே கஷ்டப்பட்டவர்களுக்காகத்தான். 1792-ம் ஆண்டு மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு, மூக்கு அறுபட்டார். பூனா பக்கத்தில், பரம்பரையாக இந்த வேலை தெரிந்த ஒருவர், நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பிய டாக்டர்கள் இந்த முறையைக் கைக்கொண்டார்கள். பிறகு முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு ஹெரால்ட் கில்லீஸ் என்ற டாக்டர் இங்கிலாந்தில் முகம் திருத்தினார். மாடு ஓட்டியின் மூக்கில், சிப்பாயின் தாடையில் கற்ற வித்தைதான் இன்று அழகு சிகிச்சையாக விற்கப்படுகிறது.

ஆபரேஷன் குற்றமில்லை. நன்றாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையும் குற்றமில்லை. தோற்றத்தைப் பார்த்து வேலை கொடுக்கிற உலகத்தில் அந்த ஆசையை யார் குறை சொல்ல முடியும்? நாம் பார்க்க வேண்டியது கணக்கை. உண்மையான செலவு என்ன? அபாயம் என்ன? அதை யார் தலையில் கட்டுகிறார்கள்?

டொமினிகன் குடியரசு என்று ஒரு நாடு. கரிபியன் கடலில், ஹெய்ட்டியோடு ஒரே தீவைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. கரும்பு விளையும் பூமி. அமெரிக்காவிலிருந்து சில மணி நேர விமானப் பிரயாணம். அங்கே அழகு ஆபரேஷன் ஒரு பெரிய வியாபாரம்.

அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு மையம் 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2022 வரை அங்கே அழகு ஆபரேஷன் செய்துகொண்டு இறந்துபோன அமெரிக்கப் பிரஜைகள் 93 பேர் என்று அது சொல்கிறது. மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2018 வரை ஆண்டுக்குச் சராசரி நான்கு பேர். 2019-லிருந்து 2022 வரை ஆண்டுக்குச் சராசரி பதின்மூன்று பேர். போனவர்கள் எல்லோரும் இறந்தார்கள் என்று சொல்லவில்லை. போய்ச் சுகமாகத் திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று கவனிக்க வேண்டும்.

பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம், நுரையீரல் இரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பு. அது இரண்டு விதமாக வருகிறது.

ஒன்று, கொழுப்பு. வயிற்றிலும் இடுப்பிலும் உள்ள கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி, அதையே பிட்டத்தில் ஏற்றிப் பெருக்குவது இப்போது பரவியிருக்கும் ஓர் ஆபரேஷன். பிட்டத்தின் தசைக்குள்ளே பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஊசிக் குழாய் ஆழமாகப் போய் அவற்றைக் கிழித்துவிட்டால், கொழுப்பு இரத்தத்தில் கலந்து இருதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். ஆள் மேஜையிலேயே இறந்துபோகலாம். 2017-ல் வெளிவந்த டாக்டர்கள் குழுவின் ஆய்வு, இந்த ஆபரேஷனில் 3,000 பேருக்கு ஒருவர் வரை இறக்கலாம் என்று மதிப்பிட்டது. 2018-ல் பிரிட்டிஷ் அழகு ஆபரேஷன் டாக்டர்கள் சங்கம், இதைச் செய்யவேண்டாம் என்று தன் அங்கத்தினர்களுக்குச் சொன்னது. தசைக்குள் கொழுப்பை ஏற்றக் கூடாது, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தோலுக்கு அடியில் மட்டும் ஏற்ற வேண்டும் என்ற விதிகள் பின்னால் வந்தன. அந்த விதிகளைக் கடைப்பிடித்த இடங்களில் அபாயம் குறைந்தது. கடைப்பிடிக்கிறார்களா என்று மயக்கத்தில் கிடப்பவர் எப்படிப் பார்ப்பார்?

இரண்டாவது, இரத்தக் கட்டி. எந்தப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும், அசையாமல் படுத்திருந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையலாம். மணிக்கணக்காக விமானத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தால் அந்த அபாயம் இன்னும் அதிகம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரே மயக்கத்தில் இரண்டு மூன்று ஆபரேஷன்களைச் சேர்த்துச் செய்தாலும் அபாயம் கூடுகிறது. வயிற்றிலோ மார்பிலோ ஆபரேஷன் செய்துகொண்டவர் குறைந்தது பத்து நாளாவது விமானம் ஏறக் கூடாது என்பது அமெரிக்க மையத்தின் யோசனை.

இப்போது ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழர்களே. உள்ளூரில் ஆபரேஷன் செலவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் 40. ஆஹா, 60 மிச்சம் என்கிறது விளம்பரம். போக வர விமானக் கட்டணம் 15. தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் துணைக்கு வந்த ஆளுக்கும் 15. வேலைக்குப் போகாததால் போன சம்பளம் 10. ஆக 80. மிச்சம் 60 அல்ல, 20தான்.

அந்த இருபதையும் காப்பாற்ற நினைப்பவர் எங்கே கை வைப்பார்? விமானக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. தங்கும் நாட்களைத்தான் குறைக்க முடியும். பத்து நாள் படுத்திருக்க வேண்டியவர் நான்காம் நாள் விமானம் ஏறுவார். லீவும் முடிந்துவிடுகிறது, முதலாளி காத்திருக்க மாட்டான். இன்னொரு பக்கம், "வந்ததே வந்தோம், இன்னொரு தடவை வர முடியுமா?" என்று எண்ணி, வயிறு, மார்பு, பிட்டம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளச் சம்மதிப்பார். விற்கிறவனும் அதைத்தான் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறான்.

பாருங்கள்! உயிரைப் பறிக்கும் காரணங்கள் என்று டாக்டர்கள் எவற்றைச் சொன்னார்களோ, அவற்றிலேயே கொண்டுபோய்த் தள்ளுகிறது இந்த மிச்சக் கணக்கு. மலிவும் அபாயமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். இதைத்தான் நீங்கள் முக்கியமாக மனதில் வைக்க வேண்டும்.

மலிவு எல்லாமே மோசடி என்றும் சொல்ல முடியாது. துருக்கியிலும் மெக்ஸிகோவிலும் தாதிக்கும் டாக்டருக்கும் சம்பளம் குறைவு. இடத்துக்கு வாடகை குறைவு. அதனால் விலை குறைவதில் வியப்பில்லை. திறமையான டாக்டர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் கூலி குறைவால் வரும் மலிவு வேறு. சுத்தத்தில், டாக்டரின் நேரத்தில், பின்னால் பார்க்கவேண்டிய கவனிப்பில் கை வைப்பதால் வரும் மலிவு வேறு. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சுத்தத்தில் கை வைத்தால் என்ன ஆகும்? மெக்ஸிகோவில், அமெரிக்க எல்லையை ஒட்டி மட்டமோரோஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்கே இரண்டு கிளினிக்குகளில், முதுகெலும்பில் மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பூஞ்சணம் தொற்றி, மூளைக் காய்ச்சல் கண்டது. 2023 மே மாதத்தில் அந்தக் கிளினிக்குகள் மூடப்பட்டன. அதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே ஊசி போட்டுக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 12 பேர் இறந்தார்கள். நோய் உடனே தெரியவில்லை. நாட்கள், வாரங்கள் கழித்துத் தலைவலியாகத் தொடங்கியது. வெறும் தலைவலிதானே என்று சும்மா இருந்தவர்களுக்கு ஆபத்து முற்றியது.

டொமினிகன் குடியரசிலும் 2013, 2014-ம் ஆண்டுகளில் இப்படி ஒன்று நடந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒருவகைக் கிருமி ஆபரேஷன் புண்ணில் புகுந்தது. வீடு திரும்பிச் சில வாரங்களுக்குப் பிறகுதான் புண் சீழ் பிடித்தது. சாதாரண மருந்துக்கு அது அடங்காது; மாதக்கணக்கில் மருந்து, மறுபடி ஆபரேஷன். அந்தச் செலவு விளம்பரத்தின் 40-ல் இருந்ததா? இல்லை. துருக்கியைப் பற்றியும் பிரிட்டிஷ் சர்க்கார் எச்சரித்திருக்கிறது. 2019 முதல் ஐந்து ஆண்டுகளில், வைத்தியத்துக்காக அங்கே போன குறைந்தது 25 பிரிட்டிஷ்காரர்கள் இறந்திருக்கிறார்கள்.

உள்ளே வைக்கும் சாமானிலும் மோசம் நடந்ததுண்டு. பிரான்சில் பிஐபி என்ற கம்பெனி, மார்பில் வைக்கும் சிலிகான் பைகளில், வைத்தியத்துக்கு உரிய சிலிகானுக்குப் பதிலாகத் தொழிற்சாலைச் சிலிகானை அடைத்து உலகெங்கும் விற்றது. 2010-ல் அம்பலமானது. லட்சக்கணக்கான பெண்களின் உடம்பில் அந்தப் பைகள் இருந்தன. கம்பெனியின் ஸ்தாபகருக்கு 2013-ல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் தன் உடம்பில் எந்தக் கம்பெனிப் பை இருக்கிறது என்பதற்குச் சீட்டு வைத்திராத பெண் என்ன செய்வாள்? வெளிநாட்டில் ஆபரேஷன் செய்து, காகிதம் வாங்காமல் வந்தவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இங்கேதான் கடைசிச் செலவு வருகிறது: பொறுப்பு. மில்லில் விபத்து நடந்தால் நஷ்ட ஈடு கேட்கச் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. அதற்கே எத்தனை நாள் அலைகிறோம்! அந்நிய நாட்டில், பாஷை தெரியாத கோர்ட்டில், அங்கத்திய வக்கீலை வைத்து வழக்காட ஒரு தொழிலாளியால் முடியுமா? பிரயாண இன்ஷூரன்ஸ் வழக்கமாக, அழகு ஆபரேஷனால் வந்த கோளாறுக்குப் பணம் தருவதில்லை. பிரிட்டனில் உயிருக்கு ஆபத்து என்று வந்தவரைப் பொது ஆஸ்பத்திரி காப்பாற்றுகிறது. அந்தச் செலவு வரி கட்டும் மக்கள் தலையில். அமெரிக்காவில் அது பெரும்பாலும் நோயாளியின் தலையிலேயே கடனாக ஏறுகிறது. லாபத்தை வாங்கிக்கொண்டவன் அந்த மேஜையிலேயே கணக்கை முடித்துவிட்டான்.

வெளிநாடு போனால்தான் ஆபத்து, உள்ளூரில் இல்லை என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2016-ல் சென்னையில், தலையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். மருத்துவம் படித்தவருக்கே அந்தக் கதி. முடி நடுவதில், டாக்டர் பெயரில் கடையைத் திறந்து, கத்தியைப் பயிற்சியில்லாத ஆள் கையில் கொடுக்கும் மோசடியைப் பற்றி சர்வதேச முடி சிகிச்சை டாக்டர்கள் சங்கமே எச்சரிக்கிறது. தூரம் சேர்ந்துகொண்டால் அதே அபாயம் பல மடங்காகிறது.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ, அயலிலுள்ளவரோ இப்படிப் போகிறேன் என்றால், திட்டாதீர்கள். திட்டினால் சொல்லாமல் போவார்கள். பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

கத்தி வைக்கப்போகும் டாக்டரின் பெயர் என்ன? அந்த நாட்டுப் பதிவேட்டில் அவர் இருக்கிறாரா? மயக்க மருந்து கொடுப்பது யார்? நடு இரவில் மூச்சுத் திணறினால் தீவிர சிகிச்சைக்கு எந்த ஆஸ்பத்திரி? ஒரே நாளில் எத்தனை ஆபரேஷன்? எத்தனை நாள் அங்கே தங்க லீவும் பணமும் இருக்கிறது? திரும்பி வந்தபின் புண்ணைப் பார்க்க இங்கே எந்த டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்? கோளாறு வந்தால் திருத்தும் செலவு யாருடையது? இதை எழுதிக் கொடுப்பார்களா? எல்லாக் காகிதங்களையும் கையில் தருவார்களா?

இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் பிரயாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே போய் வந்தவருக்குக் கால் வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, புண் சிவந்தாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கே என்ன செய்துகொண்டோம் என்று உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். வெட்கத்தால் இழந்த ஒரு நாள் உயிரைக் குடித்துவிடும்.

தோழர்களே! கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு ஷரத்தாகப் படித்துப் பார்க்கக் கற்றிருக்கிறோம். தேகத்தின்மேல் போடும் ஒப்பந்தத்தை அதைவிடக் கவனமாகப் படிப்போம். உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு இருக்கும் ஒரே ஆஸ்தி இந்தத் தேகம்தான். அதை யார் கையில் கொடுக்கிறோம், என்ன உத்தரவாதத்தின்மேல் கொடுக்கிறோம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்குப் பூரண உரிமை உண்டு. இதை இங்கே கேட்டவர்கள், கூட்டத்துக்கு வராத நாலு பேருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.