செருப்பு கழன்றது தெரியலையா?

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டுல சர்க்கரை நோய் உள்ளவர் யாராவது, செருப்பு கழன்றது தெரியாம நாலு அடி நடந்து வந்திருக்காரா? "வயசாயிடுச்சு, கவனமில்லை"னு சிரிச்சுட்டு விட்டிருப்போம். அது கவனக்குறைவு இல்லீங்க. பாதத்தில் உணர்ச்சி குறைவதன் அடையாளமாக இருக்கலாம்.

சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாவிட்டால், உடம்பிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் பாதிக்கப்படும். அதனால்தான் கால் விரல் நுனியில் தொடங்குது. மதமதப்பு, எறும்பு ஊறுவது போன்ற உணர்வு, ராத்திரியில் எரிச்சல் வரும். சிலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். முள் குத்தினாலும் வலிக்காது. புண் பெரிதாகி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

இதைச் சீக்கிரமே கண்டுபிடிக்க உதவுவது நரம்புக் கடத்தல் பரிசோதனை. கெண்டைக்காலின் பின்புறம் சின்ன மின்தூண்டல் தருவார்கள். வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் ஒட்டிய பட்டை அதைப் பதிவு செய்யும். நல்ல நிலையில் உள்ள நரம்பில் வேகம் பொதுவாக நொடிக்கு 40 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருக்கும். வேகம் மட்டுமல்ல, அலையின் உயரமும் முக்கியம். நரம்பு இழைகள் குறையக் குறைய அலை சிறுத்துப்போகும். இதற்கு ஊசி கிடையாது, லேசா சுரீர்னு இருக்கும், அவ்வளவுதான். பாதம் சில்லுனு இருந்தா வேகம் குறைவாகக் காட்டும்; அதனால் காலை வெதுவெதுப்பாக்கிய பிறகே அளப்பார்கள்.

ஒன்று மறக்காதீங்க. இந்தக் கருவி பெரிய இழைகளைத்தான் அளக்கும். மெல்லிய இழைகள் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் எரிச்சல் இருக்கும். அதை டாக்டரிடம் சொல்லுங்க. மெட்ஃபார்மின் மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிடுறவங்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே மதமதப்பு வரலாம், அதையும் கேளுங்க.

எல்லோருக்கும் இந்தக் கருவிப் பரிசோதனை தேவைப்படாது. 10 கிராம் நைலான் இழை, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, இவற்றால் பாதத்தைச் சோதிப்பது வருஷம் ஒருமுறை அவசியம். சந்தேகம் வந்தால் டாக்டரே மேல் பரிசோதனைக்கு அனுப்புவார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்க.

கையில் போன் இருக்கே? இன்னிக்கு ராத்திரி அம்மா, அப்பா பாதத்தின் அடிப்பகுதியைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்க. அவங்களுக்கு வலிக்காத புண் உங்க கண்ணுக்குத் தெரியலாம்.