ஓர் எழுத்தும் இரு பொருளும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளை ஒட்டி, உயர்தர வகுப்பு மாணவிகளுக்காக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாணவிகளுள் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் சிலர் சேர்ந்து இவ்வுரையை ஆயத்தம் செய்தோம். எழுத்தில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்து பொருளில் வேறுபடும் ஆங்கிலச் சொற்கள் பற்றியே பேசப்போகிறோம். பரீட்சைத் தாளில் இரண்டு மூன்று புள்ளிகளுக்கான விடயம் என்று இதைப் பலர் ஒதுக்கிவிடுவதுண்டு. பாடசாலையை விட்டு வெளியேறிய பின், விண்ணப்பப் படிவத்திலும் சட்டக் கடிதத்திலும் மருந்துப் பெயரிலும் இதே சொற்கள் காத்திருக்கின்றன. அங்கே புள்ளி குறைவதோடு விடயம் முடிந்துவிடாது.

தமிழில் இத்தகைய தொல்லை எமக்குப் புதிதல்ல. மனம் வேறு, மணம் வேறு. பரவை என்றால் கடல். பறவை வானில் பறப்பது. ஆனால் தமிழைத் திருத்தமாக உச்சரித்தால் வேறுபாடு காதில் விழும். ஆங்கிலத்தில் பல இடங்களில் காது உதவாது. வில்லியம் கக்ஸ்ரன் 1476இல் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சுக்கூடம் நிறுவிய பின்னர், அச்சுத்தொழில் ஆங்கில எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல நிலைப்படுத்தியது. உச்சரிப்போ அதன் பின்னும் மாறிக்கொண்டே போனது. ஆகவே எழுத்து ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமுமாக நிற்கின்றன. இது எமது நாவின் குறையல்ல. அந்த மொழியின் வரலாறு.

இந்த மேடையிலிருந்தே தொடங்குவோம். அதிபரைக் குறிக்கும் ‘பிரின்சிப்பல்’ என்ற சொல் ஏ, எல் என்ற எழுத்துகளில் முடியும். கொள்கையைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே ஒலிதான். அது எல், ஈ என்று முடியும். முதலாவது சொல்லின் அடிப்படைப் பொருள் ‘முதன்மையான’ என்பது. வங்கிக் கடனில் வட்டி நீங்கலான முதல் தொகையையும் அதே சொல்லாலேயே குறிப்பர். அதன் கடைசி மூன்று எழுத்துகளும் தனியே நின்றால் தோழர் என்று பொருள்படும். அதிபர் எமக்குத் தோழி போன்றவர் என்று நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அடுத்தது ‘ஸ்ரேஷனரி’. ஓடாமல் நிற்கும் பஸ்சைப் பற்றிச் சொன்னால் முடிவில் ஏ, ஆர், வை. கொப்பி, பேனை, கடித உறை போன்ற காகிதாதிகளைச் சொன்னால் ஈ, ஆர், வை. கடித உறையின் ஆங்கிலப் பெயரும் ஈயில் தொடங்குவதால் நினைவில் வைப்பது எளிது. ஆயினும் இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மத்திய கால ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் ஊர் ஊராகத் திரிந்து விற்றார்கள். பல்கலைக்கழகங்களின் அருகே ஒரே இடத்தில் கடை வைத்துப் புத்தகம் விற்றவருக்கு, ‘நிலையாக நிற்பவர்’ என்னும் பொருளில் பெயர் வந்தது. அவர் விற்ற பொருளுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இந்தக் கதையை ஒருமுறை கேட்டவருக்கு இரு சொற்களும் பிறகு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

‘கவுன்சில்’ என்பதில் ஸீ, ஐ, எல் வந்தால் அது மாகாண சபை, நகர சபை போன்ற சபை. எஸ், ஈ, எல் வந்தால் ஆலோசனை. நீதிமன்றில் ஒருவருக்காக வாதாடும் சட்டத்தரணியையும் குறிக்கும். ஜனாதிபதி சட்டத்தரணி என்னும் பட்டத்தின் ஆங்கிலப் பெயரில் வருவது இந்த இரண்டாவது சொல். மாணவிகளின் மனக்கவலையைக் கேட்டு வழிகாட்டும் ஆசிரியையின் பதவிப் பெயரை ஸீ போட்டு எழுதினால், அவர் நகர சபை உறுப்பினராகிவிடுவார்!

‘கொம்ப்ளிமென்ற்’ என்பதன் நடுவில் ஐ வந்தால் பாராட்டு. ஈ வந்தால் ஒன்றை நிறைவு செய்வது. முழுமை என்று பொருள்படும் ‘கொம்ப்ளீற்’ என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் ஈ தானாக வந்துவிடும்.

இன்னொரு கூட்டம் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு ஸீ, வினைச்சொல்லுக்கு எஸ். ‘அட்வைஸ்’ இதற்கு நல்ல உதாரணம். அறிவுரை என்றால் ஸீ. அறிவுரை கூறு என்றால் எஸ். வினைச்சொல்லின் ஈற்றொலி தேனீ இரைவதுபோல் அதிரும். அந்த அதிர்வுக்குத் தமிழில் எழுத்தில்லை. ஆதலால் தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த ஒரு சோடியில் காது பழகிவிட்டால், ஒலி வேறுபாடே இல்லாத ‘பிராக்ரிஸ்’, ‘லைசன்ஸ்’ ஆகியவற்றுக்கும் அதே விதியைப் பொருத்தலாம். இது பிரித்தானிய முறை; எமது பாடசாலைகளில் பழகியதும் அதுவே. அமெரிக்கர்கள் முதலாவதை எங்கும் ஸீயுடனும் இரண்டாவதை எங்கும் எஸ்சுடனும் எழுதுவார்கள். கணினி அமெரிக்க ஆங்கிலத்துக்கு அமைக்கப்பட்டிருந்தால் நீங்கள் சரியாக எழுதியதன் கீழும் சிவப்புக் கோடு விழக்கூடும். மிரண்டுவிட வேண்டாம்.

இனி, பொருள் முற்றாகத் தலைகீழாகும் சொற்களுக்கு வருவோம்.

‘எலிஜிபிள்’ என்றால் தகுதியுள்ள. ‘இலெஜிபிள்’ என்றால் வாசிக்க முடியாத. விண்ணப்பதாரி ஒருத்தி தான் பதவிக்குத் தகுதியுள்ளவள் என்று எழுத நினைத்து, தன்னை வாசிக்க முடியாது என்று எழுதிவிட்டால் தெரிவுக்குழு என்ன நினைக்கும்?

ஈயில் தொடங்கும் ‘எமிக்ரேற்’, ஐயில் தொடங்கும் ‘இமிக்ரேற்’ ஆகிய இரண்டும் எம்மவர் வீடுகளில் அடிக்கடி புழங்குபவை. பிள்ளைகள் கனடாவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் காலம் இது. முதலாவது, ஒரு நாட்டைவிட்டு வெளியேறிக் குடிபோவது. இரண்டாவது, ஒரு நாட்டினுள் வந்து குடியேறுவது. போகிறவர் ஒருவரே, நாம் எந்தக் கரையில் நின்று பார்க்கிறோம் என்பதே வேறுபாடு. எமது கடவுச்சீட்டை வழங்கும் திணைக்களத்தின் தமிழ்ப் பெயரைப் பாருங்கள்: குடிவரவு, குடியகல்வு. ஆங்கிலத்தில் ஒலியால் குழம்பும் இரண்டையும் தமிழ் எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது! ஆங்கிலச் சொல் குழம்பும்போது தமிழ்ப் பொருளை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. அது நல்ல வழி.

‘பிரிஸ்கிரைப்’ என்றால் வைத்தியர் மருந்து எழுதிக் கொடுப்பது. ‘புரோஸ்கிரைப்’ என்றால் சட்டத்தால் தடை செய்வது. ஒன்று எடு என்கிறது. மற்றது தொடாதே என்கிறது.

மருந்துப் பெயர்களில் அபாயம் இன்னும் கூடுதல். ஹைட்ரலசீன் உயர் குருதியமுக்கத்துக்குரியது. ஹைட்ரொக்சிசீன் ஒவ்வாமை, கடி போன்றவற்றுக்குரியது. தொடக்கமும் முடிவும் ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றுக்கு மற்றதை எடுத்துவிடக்கூடும். இதைத் தவிர்க்க, இத்தகைய பெயர்களில் வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்துகளில் அச்சிடும் முறை அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் கையாளப்படுகிறது. ஆங்கிலம் தாய்மொழியான தாதியரும் மருந்தாளரும்கூட ஒத்த சொற்களில் தடுமாறுவதனாலேயே இந்த ஏற்பாடு. எரிபொருள் தாங்கியில் எழுதப்படும் ‘இன்ஃபிளேமபிள்’ என்ற சொல்லின் கதையும் இதுதான். எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். ஆனால் தொடக்கத்திலுள்ள ‘இன்’ எதிர்மறை என்று எண்ணி, தீப்பற்றாது என்று சிலர் விளங்கிக்கொள்வர் என்ற பயத்தால், ‘இன்’ இல்லாத வடிவத்தை எழுதும்படி தீத்தடுப்புத் துறையினர் வற்புறுத்தினர். இரண்டு வடிவங்களுக்கும் பொருள் ஒன்றே என்பதை மறவாதீர்கள்.

கணினி திருத்திவிடும் என்று சிலர் சொல்வார்கள். இந்தச் சொற்கள் எல்லாமே அகராதியில் உள்ள சரியான சொற்கள். நீங்கள் எந்தப் பொருளை நினைத்தீர்கள் என்பதைக் கணினி எப்போதும் அறியாது. அதை அறிந்தவர் நீங்கள் மட்டுமே.

தங்கைமாரே, பட்டியலாக மனனம் செய்யாதீர்கள். புதிதாக ஒரு சோடியைக் கண்டால் அகராதியைத் திறந்து, அது பெயரா வினையா, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்து உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வசனம் எழுதிப் பாருங்கள். முக்கியமான கடிதத்தை அனுப்புமுன் வேறொருத்தியிடம் வாசிக்கக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. எமது பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்று சொல்வதுண்டு. வாள் என்பது அதன் பொருள். ஆங்கிலம் தெரிந்தவர் தெரியாதவரை வெட்டிச் சாய்க்கும் ஆயுதம் என்ற மனக்கசப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. ஓர் எழுத்து மாறியதற்காக வகுப்பில் ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தால், அவள் அடுத்த முறை வாய் திறக்கமாட்டாள், பேனையையும் எடுக்கமாட்டாள். இன்னும் சில வருடங்களில் தாயின் மருந்துப் பெயரையோ தம்பியின் விசாப் படிவத்தையோ வாசிக்க வேண்டியவள் அவளாக இருக்கலாம். ஆகவே பக்கத்து வாங்கிலில் இருப்பவளின் கொப்பியில் பிழை கண்டால், சத்தமில்லாமல் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டி, ஏன் அப்படி என்றும் சொல்லிக் கொடுங்கள். இந்தப் பாடசாலையில் எமக்குக் கற்பித்த ஆசிரியைகளும் அப்படித்தான் செய்தார்கள்.