இழுவைச் சங்கிலிக்கு ஒரு முளை, ஒரு நம்பர், ஒரு வரி

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இன்றைக்கு நான் பேச வந்தது இரும்புச் சங்கிலியைப் பற்றி. அதைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து தேநீர் குடிக்கப் போகிறார்கள். போய்விட்டு வரட்டும்.

பால் ஸ்டோருக்குப் போவது டிரெயிலரில். உரம் காட்டுக்குப் போவது டிரெயிலரில். செம்பனைக் குலை ஏறுவதும் அதில்தான். டிராக்டரையும் டிரெயிலரையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது? ஒரே ஒரு இரும்புப் பின். அந்தப் பின் கழன்றாலோ முறிந்தாலோ வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கென்று போடுவதுதான் காவல் சங்கிலி. மேட்டில் ஏறும்போது இரண்டும் போய்விட்டால் டன் கணக்கான சுமை பின்னோக்கி ஓடி வரும். டிரைவர் முன்னால் இருக்கிறார். பின்னால் வருபவர் யார்? வாளியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிறுவைக்கு வருகிற பால்வெட்டுக்காரர். சாலையோரம் நடந்து வருகிற அம்மா. ஆகவே, "சங்கிலி டிரைவர் சமாசாரம், நமக்கென்ன" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தச் சங்கிலி யாருடையது? இதை எந்தத் தோட்டத்திலாவது கேட்டுப் பாருங்கள். நிர்வாகம் வாங்கிக் கொடுத்தது என்பார் டிரைவர். வண்டியோடு போய்விட்டது என்பார் ஸ்டோர் கிராணி. பட்டறையில் இருப்பவர் தன்னிடம் யாரும் கொண்டு வரவில்லை என்பார். கணக்குப் புத்தகத்தில் வாங்கிய நாளன்று 'சங்கிலி, ஒன்று' என்று ஒரு வரி இருக்கும். அதற்கப்புறம் அது பிழைத்ததா செத்ததா என்று ஒரு சொல்லும் இராது. யாருக்கும் சொந்தமில்லாத சாமானை யாரும் பார்ப்பதில்லை. அது அறுந்துபோகிற அன்றுதான் எல்லார் கண்ணிலும் படுகிறது.

சங்கிலி சுமையால் மட்டும் கெடுவதில்லை. நம் தொழிலின் சரக்குகளே அதைத் தின்கின்றன. இன்று பல இடங்களில் பாலை மங்கிலேயே உறையவிட்டுக் கட்டியாக ஏற்றுகிறார்கள். பாலை உறைய வைக்கப் பார்மிக் ஆசிட் விடுகிறோம். அந்தக் கட்டியிலிருந்து வழிகிற புளித்த தண்ணீர் டிரெயிலரின் அடித்தட்டு வழியாகச் சொட்டிச் சங்கிலியின் மேல் விழுகிறது. பளபளவென்று துத்தநாகப் பூச்சுப் போட்ட சங்கிலி வாங்கிவிட்டோம், துருப்பிடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆசிட்டில் முதலில் கரைவதே அந்தத் துத்தநாகம்தான். பளுத் தூக்குவதற்கென்று கடினப்படுத்திச் செய்த உயர்ந்த ரகச் சங்கிலி இருக்கிறதே, அதற்கு ஆசிட் இன்னும் பெரிய எதிரி. மேலுக்கு நன்றாகத் தெரியும்போதே உள்ளே நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

கெடாமல் இருக்க அம்மோனியா கலந்த பாலைத் தொட்டியில் ஏற்றுகிற இடத்தில் வேறு தொல்லை. அம்மோனியா பித்தளையை வெடிக்க வைக்கும். டிரெயிலரின் பின்விளக்குக்குப் போகிற மின்கம்பியின் முனையில் பித்தளைத் துண்டுகள் இருக்கின்றன. பால் பட்ட கையோடு அதைச் செருகினால், சில மாதத்தில் விளக்கு எரிவது டிரெயிலரின் இஷ்டம் என்றாகிவிடும். செம்பும் பித்தளையும் பாலுக்கு ஆகாது என்று ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பாலும் அவற்றுக்கு ஆகாது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உரக் கொட்டகை. இடம் காலியாக இருக்கிறது என்று சங்கிலியையும் கம்பிக்கயிற்றையும் உர மூட்டைகளின் பக்கத்தில் போட்டு வைப்பது பல தோட்டங்களில் வழக்கம். பொட்டாசு உரம் உப்புச் சாதி. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரும்பின் மேல் உப்புத் தண்ணீராக உட்காரும். கடலோரத்தில் போட்டு வைத்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

ஆகவே முதல் வேலை கழுவுவது. நடை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வளையத்தில் பால் உறைந்து தோல் பிடித்திருந்தால் அதை உரித்துப் போட வேண்டும்; அந்தத் தோலுக்கு அடியில்தான் புளித்த தண்ணீர் தங்கித் துரு வேலை செய்கிறது. ஒட்டுப்பால் உரிக்க உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறகு தொங்கவிட்டுக் காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. கிரீஸை அள்ளி அப்ப வேண்டாம். மண்ணும் மணலும் அதில் ஒட்டிக்கொண்டு, வளையத்தோடு வளையம் உரசும் இடத்தை அரம் போல அராவும்.

தேய்மானத்துக்குக் கணக்கு ஒன்று உண்டு. வளையத்தின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்தச் சங்கிலியைக் கழித்துவிட வேண்டும் என்பது சங்கிலித் தொழிலில் வழங்குகிற விதி. 10 மில்லிமீட்டர் கம்பி 9 ஆகிவிட்டால் போதும், கழிவுதான். "ஒரு மில்லிமீட்டர்தானே" என்று தோன்றும். கம்பியின் வெட்டுப் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: நூறில் 19 பங்கு போய்விட்டது. ஐந்து ஆள் இழுத்த இடத்தில் நாலு ஆள்தான் இருக்கிறார்கள். தேய்வது நடுவில் அன்று, வளையமும் வளையமும் தொடுகிற வளைவில். சங்கிலியைத் தளர்த்தி, அந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

தரையில் இழுபடுகிற சங்கிலி இன்னும் வேகமாகத் தேயும். காய்ந்த லாலாங் பக்கம் பொறி பறந்தால் தீயும் பிடிக்கும். நீளம் அதிகமென்று சிலர் முறுக்கிக் குறுக்குகிறார்கள், சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். இரண்டும் கூடாது. முறுக்கினால் வளையம் பக்கவாட்டில் பளு வாங்கும்; அதற்காக அது செய்யப்படவில்லை. வண்டி திரும்புவதற்கு வேண்டிய தளர்வு மட்டும் விட்டு, இரண்டு சங்கிலிகளை இழுவைச் சட்டத்துக்கு அடியில் குறுக்காக மாற்றிப் போடுங்கள். பின் கழன்றாலும் சட்டத்தின் மூக்கு மண்ணில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியின் மேல் தொட்டிலில் போல உட்காரும். மின்கம்பியைச் சங்கிலியோடு சேர்த்துச் சுற்றாதீர்கள். அதைச் சட்டத்தின் மேல்பக்கமாகக் கட்டி, கழற்றினால் முனை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட ஒரு கொக்கி வையுங்கள்.

பழைய மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிச் சங்கிலிக்கு உறை போடுவது நல்ல யோசனை. உரசலும் குறையும், சத்தமும் குறையும். ஆனால் அடிமுனை திறந்திருக்க வேண்டும், மாதம் ஒரு முறை உறையைக் கழற்றிப் பார்க்கவும் வேண்டும். கட்டி மூடிவிட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும். சட்டை போட்ட நோயாளி போல, வெளியே அழகாக இருந்துகொண்டு உள்ளே இற்றுப்போகும்.

இனிக் கம்பிக்கயிறு. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கிலியின் குறை கண்ணுக்குத் தெரியும். கம்பிக்கயிறு மறைக்கும். மெல்லிய கம்பிகளைத் திரித்துப் புரியாக்கி, அந்தப் புரிகளை நடுவில் ஒரு கருவைச் சுற்றி முறுக்கியிருக்கிறார்கள். ஈரம் உள்ளே இறங்கினால் துரு நடுவிலிருந்து வெளியே வரும். மேலே கனத்த கிரீஸைத் தடவினால் அது உள்ளே போகாது. குறையை மூடி வைக்கத்தான் உதவும். உள்ளே ஊறுகிற இளகிய எண்ணெய்தான் அதற்கு வேண்டும். ஒரு தரம் கொக்கி போல மடங்கிய இடத்தை நிமிர்த்தினாலும் பழைய பலம் திரும்பாது. புரிகள் பிரிந்து கூண்டு போல உப்பியிருந்தால், கம்பிகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கயிற்றை வெட்டிப் போடுங்கள். நிஜமாகவே இரண்டாக வெட்டுங்கள். முழுசாக மூலையில் எறிந்தால் மழைக்காலத்தில் யாராவது ஒருவர் அவசரத்துக்கு எடுத்துவிடுவார். கம்பிக்கயிற்றைத் தொடும்போது தடித்த கையுறை வேண்டும். வெறுங்கையால் வழித்துப் பார்ப்பது கம்பி முள்ளுக்கு ரத்தம் கொடுப்பது.

முனையை மடித்துக் கண் செய்து கிளிப் போடுகிறோமல்லவா, அங்கேதான் பாதிப் பேர் தலைகீழாகப் போடுகிறார்கள். கிளிப்பின் தட்டையான அடிப்பாகம் பளு இழுக்கிற நீண்ட கயிற்றின் மேல் உட்கார வேண்டும். வளைந்த கம்பி, மடித்துவிட்ட குட்டை வாலை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் வளைந்த கம்பி இழுக்கிற கயிற்றையே நசுக்கிவிடும். குறைந்தது மூன்று கிளிப் வேண்டும். கயிறு தடித்தால் இன்னும் கூட. முதல் இழுவை முடிந்ததும் திருகாணிகளை மறுபடி இறுக்க வேண்டும்.

ஆண்டுக் கடைசி மழையில் டிரெயிலர் சேற்றில் இறங்கும். அப்போதுதான் எல்லாச் சங்கிலியும் தேடப்படும். கேட்டுப் பூட்டுகிற சங்கிலியும் வரும், ஷேக்கிளின் பின்னுக்குப் பதிலாக மரப்பெட்டியில் கிடந்த சாதாரண போல்ட்டும் வரும். எத்தனை டன்னுக்கு என்று முத்திரை இல்லாத எதையும் இழுவைக்குப் போடாதீர்கள். கயிற்றைத் தளரவிட்டு டிராக்டரைப் பாய்ச்சி வெட்டி இழுப்பது மிக மோசம்; சுமை எடையைவிடப் பல மடங்கு பளு அந்த ஒரு நொடியில் கயிற்றில் விழுகிறது. அறுந்த முனை சவுக்குப் போல் திரும்பி வரும். கயிறு எவ்வளவு நீளமோ அதைவிட அதிக தூரத்தில், கயிற்றின் நேர்கோட்டை விட்டு விலகி எல்லாரும் நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிற பிள்ளைகளை முதலில் விரட்டுங்கள். டிராக்டரின் கீழ்ச்சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே மாட்டினால் முன்சக்கரம் தூக்கி டிராக்டர் டிரைவர் மேலேயே கவிழ்ந்துவிடும். குதிக்க நேரம் இராது.

சரி, வீடு வந்து சேர்ந்த சங்கிலியை எங்கே வைப்பது? கூரைக்கு அடியில், உரத்துக்கும் ஆசிட்டுக்கும் பாட்டரிக்கும் தூரமாக, ஒரு பலகை. அதில் கை கனத்துக்கு உருட்டிய மரமுளைகள். ஆணியில் மாட்டினால் கம்பிக்கயிறு மடங்கும். கயிற்றுக்குப் பழைய லோரிச் சக்கரத்தின் ரிம் ஒன்றைச் சுவரில் பொருத்திச் சுற்றி வையுங்கள். 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 2.2 கிலோ, ஐந்து மீட்டரென்றால் 11 கிலோ. அதைத் தலைக்கு மேலே மாட்டச் சொல்லாதீர்கள், இடுப்பு உயரம் போதும். ஒவ்வொரு முளைக்குப் பின்னும் சங்கிலியின் உருவத்தைச் சாயத்தில் வரைந்துவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவரும், வங்காளதேசத்திலிருந்து நேற்று வந்த தோழரும், எது இடத்தில் இல்லை என்று தூரத்திலிருந்தே சொல்வார்கள். சங்கிலியின் கடைசி வளையத்தில் நம்பர் அடித்த தகடு ஒன்றைக் கம்பியால் கட்டுங்கள். வளையத்தின் மேலேயே உளியால் வெட்டக் கூடாது. வெட்டிய இடமே முறிகிற இடமாகிவிடும்.

இனிக் கிராணிமார்களுக்கு. உங்களிடம் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நம்பர், கண்ட குறை, சொன்னவர் பெயர், என்ன செய்தார்கள் என்பது. வாரம் ஒரு பக்கம்கூட ஆகாது. விபத்து நடந்த மறுநாள் எல்லாரும் டிரைவரைத்தான் பார்ப்பார்கள். "நான் அப்போதே சொன்னேன்" என்று அவர் சொல்லுவார். "எங்கே எழுதியிருக்கிறது" என்று கேட்பார்கள். அந்த ஒரு வரி இருந்தால் அவர் தலை தப்பும். காயம்பட்டவரின் சொக்சோ விண்ணப்பத்துக்கும் அது துணையாக நிற்கும்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இயந்திரங்களையும் வேலை முறையையும் பாதுகாப்பாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. 24-ஆம் பிரிவு நமக்கும் கடமை வைத்திருக்கிறது, மறைக்க வேண்டாம். 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது 30-ஆம் பிரிவு. 2024 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதினால், முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாதபோது, அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. தேய்ந்த சங்கிலியின் விலையைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று சில இடங்களில் கேள்விப்படுகிறேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு எதையெதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. முதலாளி தம் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ள அதில் இடமில்லை. அப்படி நடந்தால் சம்பளச் சீட்டோடு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். சங்கிலி போய்விடும் என்ற பயத்தில்தான் டிரைவர்கள் தேய்ந்ததையும் காட்டாமல் ஒளித்து வைக்கிறார்கள். அந்தப் பயம் போனால் பாதிக் குறை வெளியே வரும்.

மேசைமேல் மூன்று சங்கிலிகளும் ஒரு கம்பிக்கயிறும் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று கழிக்க வேண்டியது. பக்கத்தில் அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொருவராக வந்து, வளைவைத் திருப்பிப் பார்த்து, எது என்று சொல்லுங்கள். தேநீர் குடிக்கப் போனவர்களையும் கூப்பிடுங்கள்.