லொறி கழுவும் கையும் கிழிந்த ஸ்டிக்கரும்

(போக்குவரத்துப் பிரிவு அங்கத்தவர் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் பேசப்போவது லொறி கழுவுவதைப் பற்றி. இதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் சங்கத்துக்கு வந்திருக்கும் முறைப்பாடு இதுதான்: கொழுந்து லொறியைப் பிரஷர் பம்பால் கழுவும்போது பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்துபோனது. அதன் விலையைக் கிளீனரின் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று ஒருவருக்கு வந்தது நாளை நம் எல்லோருக்கும் வரும். ஆகவே வேலையையும் தெரிந்துகொள்வோம், உரிமையையும் தெரிந்துகொள்வோம்.

முன்பு வாளித் தண்ணீரும் தும்புத் தூரிகையும் வைத்துத்தான் கழுவினோம். இப்போது பல இடங்களில் பம்ப் வந்துவிட்டது. பம்பை வாங்கிக் கொடுத்தவர்கள் அதைப் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தத் தண்ணீரின் வேகம் என்னவென்று பாருங்கள். கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 பார். வாகனம் கழுவும் பம்பில் 100 பாருக்கு மேலும் போகும். அதாவது 50 மடங்கு. அந்தத் தண்ணீர் ஸ்டிக்கரின் நடுவில் நேராக விழுந்தால் பெரிய கேடு இல்லை. ஓரத்தில் சாய்வாகப் பட்டால்தான் அடியில் புகுந்து உரித்தெடுக்கும்.

ஸ்டிக்கர் தாள் செய்யும் கம்பனிகளே இதற்கு அளவு சொல்லியிருக்கின்றன. அழுத்தம் 80 பாருக்குக் கீழே இருக்க வேண்டும். தண்ணீர்ச் சூடு 50 பாகையைத் தாண்டக்கூடாது. 40 பாகைக்கு விரிந்து அடிக்கும் முனையைப் போட வேண்டும். பல பம்புகளில் அது வெள்ளை நிற முனை. சிவப்பு முனை ஊசிபோல் ஒரே கோடாக அடிக்கும். அதை ஸ்டிக்கர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. முனைக்கும் லொறிக்கும் இடையில் குறைந்தது 30 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அடி தூரம் வேண்டும். குழாயைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. சேறு காய்ந்திருந்தால் முதலில் சாதாரணத் தண்ணீரால் ஊற வையுங்கள். கொழுந்துச் சாறு பிடித்த கறைக்குச் சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

இன்னொன்றையும் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும். நன்றாக ஒட்டிய புது ஸ்டிக்கர், முறையாகக் கழுவினால் போகாது. போவது எது? வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்று வெடித்தது, நிறம் வெளுத்தது, ஓரம் தூக்கியது, துருவின் மேல் பூசிய பெயின்டில் ஒட்டியது. அப்படிப்பட்டதைத் தண்ணீர் அடித்தவர் கிழித்தார் என்பது நியாயமா? ஆகவே கழுவுவதற்கு முன் லொறியை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஓரம் தூக்கிய ஸ்டிக்கர் எது என்று பார்த்துச் சாரதியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்லுங்கள். கையில் போன் இருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு பழி வந்தால் அந்தப் படம் பேசும்.

கிழிந்துவிட்டால் என்ன செய்வது? தொங்கும் துண்டைக் கையால் இழுக்க வேண்டாம்; பெயின்டும் சேர்ந்து வரும். அழுக்குப் புகுந்த ஓரத்தை மறுபடி அழுத்தி ஒட்டவும் வேண்டாம், அது நிற்காது. சிறு துண்டுதான் தூக்கியிருக்கிறது என்றால் அதை மட்டும் கத்தரியால் வளைவாக வெட்டிவிடுங்கள். கூர் மூலை சீக்கிரம் தூக்கும், வளைந்த மூலை தாங்கும். முழுவதையும் எடுக்க வேண்டுமென்றால் சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் போட்டு வையுங்கள். தலைமுடி காயவைக்கும் இயந்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. பசை இளகியதும் ஒரு மூலையிலிருந்து மெதுவாக, தகட்டோடு படிந்தாற்போல் மடக்கி உரியுங்கள். சுரண்ட பழைய டெலிபோன் கார்ட் போன்ற பிளாஸ்டிக் போதும், பிளேடு வேண்டாம். மிஞ்சிய பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரத்தால் கழுவுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் பீடியோ நெருப்போ இருக்கக் கூடாது.

புதிதாக ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருக்கக் கூடாது. நுவரெலியாப் பக்கத்துக் குளிர் காலையில் தகடு 10 பாகைக்குக் கீழே இருக்கும்போது பசை சரியாகப் பிடிக்காது. வெயில் ஏறியபின் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மூன்று நாளைக்காவது பம்ப் அடிக்க வேண்டாம். சாமி படம் கிழிந்தால் மனம் வருந்தும். அதையும் இதே முறையில் எடுத்துக் காலடி படாத இடத்தில் சேர்த்துவிட்டுப் புதியதை ஒட்டலாம்.

எல்லா ஸ்டிக்கரும் ஒன்றல்ல, தோழர்களே. கம்பனியின் பெயர் கிழிந்தால் அழகு குறையும், அவ்வளவுதான். லொறிக்குப் பின்னால் இருக்கும் ஒளி தெறிக்கும் பட்டை உரிந்தால் உயிர் போகலாம். மூடுபனியில் வளைவுக்கு வளைவு இறங்கும் நம் பாதைகளில், பழுதாகி நிற்கும் லொறியைப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவது அந்தப் பட்டைதான். பாரத்தின் அளவைச் சொல்லும் எழுத்தும் அப்படியே. அது அழிந்த லொறியில், "இன்னும் ஏற்று" என்று சொல்பவருக்குத் தைரியம் வந்துவிடும். ஆகவே நிர்வாகம் முதலில் மாற்றித்தர வேண்டியது இந்த ஸ்டிக்கர்களைத்தான்.

இப்போது கழுவுகிறவரின் உடம்பைப் பற்றி. ஸ்டிக்கரை உரிக்கும் தண்ணீர் தோலை விட்டுவைக்குமா? அந்தத் தண்ணீர் கையிலோ காலிலோ நேராகப் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் சின்னக் காயம்தான் தெரியும். வலிகூட முதலில் அதிகம் இராது. ஆனால் உள்ளே சதை அழுகி விரல் போன கதைகள் உண்டு. மருந்து போட்டு லயத்துக்குப் போய்விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷர் தண்ணீர் பட்டது" என்று டொக்டரிடம் சொல்லுங்கள். செருப்புக் காலோடு பம்பைப் பிடிக்க வேண்டாம். பூட்ஸும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். ஈரத் தரையில் மின்சார பம்ப் ஓடும் இடத்தில் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். எலி ஓடிய சேற்றுத் தண்ணீர் காலில் புண் உள்ளவர்மேல் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். உரமும் மருந்தும் ஏற்றிய லொறியைக் கழுவிய தண்ணீர் லயத்துப் பீலிக்கு மேலே உள்ள ஓடையில் சேரக் கூடாது; நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் அது.

சட்டம் என்ன சொல்கிறது? 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பிடித்தங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அதற்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். ஆகவே "இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று எந்தத் தாளை நீட்டினாலும் உடனே கையெழுத்து வைக்காதீர்கள். தலைவரிடம் காட்டுங்கள். வேலையில் காயம்பட்டால் நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. காயம்பட்ட நாளிலேயே அதைப் பதிவு செய்விப்பது நம் பொறுப்பு.

ஆகவே நாம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கப்போவது நான்கு. ஒன்று, பம்ப் பிடிப்பவருக்குப் பயிற்சியும் சரியான முனையும். இரண்டு, பூட்ஸ், கையுறை, கண்ணாடி. மூன்று, உரிந்த ஸ்டிக்கரைத் தோட்டச் செலவில் மாற்றுவது. பாதுகாப்புப் பட்டைகளை உடனடியாக. நான்கு, இதற்காக யாருடைய சம்பளத்திலும் ஒரு சதமும் பிடிக்காதிருப்பது.

இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு பிரிவின் சாரதியும் கிளீனரும் கையொப்பம் இட வேண்டும். ஒருவர் போய் நின்றால் "நீதான் கிழித்தாய்" என்பார்கள். எல்லோரும் போய் நின்றால் பம்பைப் பற்றிப் பேச வேண்டிவரும். தாள் மேசையில் இருக்கிறது. போகும்போது ஒப்பமிட்டுப் போங்கள்.