ஏழாம் இலக்கம் மாறினால்



ஹெலன்ஸ்பர்க் என்றதும் எங்கள் சனத்துக்கு ஞாபகம் வருவது வெங்கடேஸ்வரர் கோயிலும் அதன் கன்ரீன் தோசையும்தான். அது ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் என்பதும், அங்கே றக்பி லீக் ஊறிப்போன விளையாட்டு என்பதும் பலருக்குத் தெரியாது. எனக்கும் 2019 வரை தெரியாது. அந்த வருடம் என் மகனின் பதினாறு வயதுக்குட்பட்ட அணி அங்கே ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்குப் போனது. கழகத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற உரிமையில் நானும் கூடப் போனேன்.

அந்த வாரம் முழுக்கப் பயிற்சியில் ஒரே பேச்சு, எதிரணியின் ஏழாம் இலக்கப் பெடியன். இந்த விளையாட்டில் ஏழாம் இலக்கக்காரர், அதாவது ஹாஃப்பாக், அணியின் மூளை மாதிரி. ஆறு தடவை மடக்கப்பட்டால் பந்தை மற்றவர்களிடம் கொடுக்கவேண்டும் என்பது விதி. ஆகவே ஐந்தாம் தடவைக்குப் பின் பந்தை எங்கே உதைப்பது, யாருக்கு எறிவது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் அவர்தான். அந்தப் பெடியன் வலது காலால் உதைப்பான், உதைக்கமுன் ஒரு எட்டுப் பின்னுக்கு வைப்பான் என்று எங்கள் பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருந்தார்கள்.

அவன் வரவில்லை. காய்ச்சலாம். எங்கள் பக்கத்தில் ஒரே சந்தோஷம். அவனுக்குப் பதிலாக வந்த மெல்லிய பெடியன் இடது காலால் உதைத்தான். உதைத்த பந்தெல்லாம் என் மகன் நின்ற மூலையிலேயே விழுந்தது. நான்கு முறை விழுந்ததில் மூன்று முறை புள்ளி போயிற்று. அன்று கோயிலுக்குப் போயும் அவன் தோசையைத் தொடவில்லை. பிரின்சஸ் நெடுஞ்சாலை முழுக்க யன்னலைப் பார்த்தபடியே வந்தான்.

அதற்குப் பிறகுதான் நான் இந்த விஷயத்தைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். தொலைக்காட்சியில் பார்த்திருந்த ஒரு ஆட்டமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

2018 செப்ரெம்பர் 30, சிட்னி ஒலிம்பிக் பூங்கா மைதானம், றக்பி லீக் இறுதி ஆட்டம். சிட்னி ரூஸ்ரர்சுக்கும் மெல்பேர்ண் ஸ்ரோமுக்கும். ரூஸ்ரர்சின் ஹாஃப்பாக் கூப்பர் குரோங்க், 2004 முதல் 2017 வரை மெல்பேர்ணுக்காகவே விளையாடியவர். அவருடைய பழக்கவழக்கங்களைப் பயிற்றுநர் கிரேக் பெலமியைவிட அறிந்தவர் யார்? ஆனால் அதற்கு முந்திய வாரம் சவுத் சிட்னியுடனான ஆட்டத்தில் குரோங்கின் இடது தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது. வாரம் முழுக்க ஊருக்கெல்லாம் ஒரே கேள்வி: குரோங்க் ஆடுவாரா, மாட்டாரா?

நடந்தது இரண்டும் இல்லை. ஆள் மைதானத்தில் இறங்கினார், ஆனால் பந்தை மிகக் குறைவாகவே தொட்டார். பின்னால் நின்று கை காட்டினார், சத்தம் போட்டார், வரிசையைச் சீர்படுத்தினார். அணியை நடத்தியவர் லூக் கீரி. இடைவேளையில் ரூஸ்ரர்ஸ் 18–0 என்று முன்னால் நின்றது, முடிவில் 21–6. சிறந்த வீரருக்கான கிளைவ் சேர்ச்சில் பதக்கமும் கீரிக்குத்தான். ஒரு மனிதரைப் பற்றிய பதினான்கு வருட அறிவு, அவர் வேறு வேலை செய்ய இறங்கிய அன்று பெரிதாக உதவவில்லை.

அதே வருடம் ஜனவரி 8இல் அமெரிக்காவின் கல்லூரி உதைபந்தாட்ட இறுதியில் அலபாமா பல்கலைக்கழகம் இடைவேளையில் 13–0 என்று பின்தங்கி நின்றது. பயிற்றுநர் நிக் சேபன் தன் குவாட்டர்பாக்கை மாற்றி, முதலாம் வருட மாணவன் துவா டங்கோவைலோவாவை இறக்கினார். இடது கைக்காரர். ஜோர்ஜியா அணி ஆயத்தப்படுத்தியது வலது கையால் எறிகிற, ஓடுவதில் கெட்டிக்காரரான ஜேலன் ஹேர்ட்சுக்கு. மேலதிக நேரத்தில் 26–23 என்று அலபாமா வென்றது.

இவ்வளவு தூரம் போவானேன்? கிரிக்கெட் நேயர்களுக்கு 2008 ஜூலை 6, கராச்சி, ஆசியக் கிண்ண இறுதி ஞாபகம் இருக்கும். அதற்கு முந்திய இந்திய ஆட்டத்தில் அஜந்த மென்டிசுக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அவர் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். முரளிக்கு ஆயத்தமாக வந்தவர்கள், விரலால் சுண்டி எறிந்த பந்தைப் பார்த்து நின்றார்கள்.

நான் கணக்காளன். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர் மாறினால், பழையவர் விடுகிற பிழையையே தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். காசு உள்ளே வருகிற வாசலையும் வெளியே போகிற வாசலையும் பார்ப்பேன். எழுதுகிறவர் யாராக இருந்தாலும் வாசல் இரண்டுதான். இதை மகனின் பயிற்றுநரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, தடுப்பிலும் அதுதான் கதை என்றார். எதிரே நிற்பவனின் பெயரையும் முகத்தையும் விட்டுவிட்டு இடுப்பைப் பார். இடுப்பு திரும்பாமல் ஆள் திரும்ப முடியாது. எந்தக் கால் என்று முதல் உதையிலேயே பார்த்து, பார்த்தவன் சத்தமாகச் சொல்லவேண்டும். பின்வரிசை அதைக் கேட்டு நாலு எட்டு நகரவேண்டும். இதில் கடினமானது சத்தமாகச் சொல்வதுதான். எங்கள் பிள்ளைகளை வீட்டில் "சத்தம் போடாதே" என்றே வளர்த்திருக்கிறோம். அதற்கு எங்களிடம் காரணமும் இருந்தது. மைதானத்தில் அது உதவாது.

அதன்பின் பயிற்சியில் அவர் ஒரு வேலை செய்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, யாருக்கும் சொல்லாமல், ஏழாம் இலக்கச் சட்டையை வேறொருவனுக்கு மாட்டிவிடுவார். முதல் இரண்டு கிழமையும் ஒரே குழப்பம், பெற்றோர் சிலர் குறையும் சொன்னார்கள். மூன்றாம் கிழமை, "இடது! இடது!" என்று என் மகன் கத்தியது கார் நிறுத்துமிடம் வரை கேட்டது.

ஓகஸ்டில் அதே அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. காய்ச்சல்காரப் பெடியன் சுகமாகி வந்திருந்தான், மெல்லியவனும் வந்திருந்தான். இரண்டாம் பாதியில் இருவரும் இடம் மாறினார்கள். அன்றும் தோற்றோம், இரண்டு புள்ளியால். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவன் கதைத்துக்கொண்டே வந்தான்.