விடுமுறையில் விரல்களுக்கு வேலை



பொங்கல் விடுமுறையில் பிள்ளைகள் என்ன செய்கின்றனர் என்று கேட்டால், "சும்மா விளையாடுகின்றனர்" என்பீர்கள். அவ்விளையாட்டைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

ஸ்ரீவைகுண்டம் உள்ளிட்ட தாமிரபரணிக் கரை ஊர்களில், பொங்கலை ஒட்டிச் சிறுமியர்க்கு வாசலில் களிமண்ணால் சிறுவீடு அமைப்பதும், தையில் அதன் முன் சிறுவீட்டுப் பொங்கலிட்டு, மார்கழியில் பூ வைத்துத் தட்டிய எருவை ஆற்றில் விடுவதும் பழைய வழக்கம். பெரியவர்களே வீட்டைக் கட்டி முடித்துவிட்டுப் பிள்ளையை வேடிக்கை பார்க்க வைப்பது வீண். மண்ணை அவளே பிசையட்டும்; சுவர் கோணினால் கோணட்டும். ஈரமண்ணைப் பிசையும்போது உள்ளங்கை உரம் பெறுகிறது. விளிம்பைக் கிள்ளிச் சீராக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் இணைந்து இயங்கப் பழகுகின்றன. எழுதுகோலைப் பிடிப்பவையும் அம்மூன்று விரல்களே அல்லவா?

மூன்று வயதுப் பிள்ளை எழுதுகோலை முழுக்கையால் பற்றிக் கிறுக்கும். அது குற்றமன்று. ஐந்தாறு வயதிற்குள் அப்பிடி விரல் நுனிக்கு வந்து சேரும். அதற்கு முன்பே 'அ' எழுது என்று அதட்டிப் பயனில்லை. அவ்வெழுத்தின் சுழிக்கும் வளைவுக்கும் விரல் முதலில் இசைய வேண்டும்.

பனையோலைக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. அகன்ற ஓலைக் கீற்றுகளை மேலும் கீழுமாகக் கோத்து ஐந்து வயதில் சிறு தடுக்குப் பின்னலாம். காற்றாடிக்கு உடைமுள் குத்துவதைப் பெரியவர் செய்க. கருக்கு மட்டையும் அருகில் வேண்டா. புளியங்கொட்டையிட்டுப் பல்லாங்குழி ஆடலாம். வாயில் பொருளை இடும் கைக்குழந்தை அருகில் இருந்தால் அதுவும் ஆகாது. அழகாயிருக்கிறதென்று குன்றிமணியைத் தந்துவிடாதீர்கள், அது நஞ்சு.

ஓர் ஐயம் உங்களுக்கு எழும். கைவேலையிலிருந்து விடுபடவன்றோ பள்ளிக்கு அனுப்பினோம்? நியாயமான ஐயமே. 1953-இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அத்திட்டம் தந்தையின் தொழிலைப் பிள்ளையின் தலையில் வைத்தது. நான் வேண்டுவது பள்ளி நேரத்தில் ஒரு நிமிடத்தையும் எடுக்காது; விற்பனைக்கு ஒரு பெட்டியும் முடையாது. பள்ளிக்கு வரும் முன்பே கத்தரிக்கோலும் வண்ணக்கோலும் பழகிய வசதியான வீட்டுப் பிள்ளையின் அருகில் நம் பிள்ளை தயங்காமல் எழுத வேண்டும். அவ்வளவே.

இளைஞர்களே, வரும் விடுமுறையில் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆசிரியரைத் தேடி அலைய வேண்டா. எழுத்தறியாத நம் பாட்டியர் பலர் ஓலை பின்னுவதில் வல்லவர். பத்துப் பிள்ளைக்கு ஒரு பாட்டி போதும். காய்ந்த ஓலையாயின் முதல் நாளே நீரில் நனைத்து வைத்துவிடுங்கள்.